பாய் விரிக்கும் முன்

அன்புள்ள அம்மணிக்கு,

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஐம்பது பிள்ளைகளைச் சத்தியமங்கலம் பக்கம் அழைத்து வருகிறாய் என்று அம்மா சொன்னாள். மெத்தச் சந்தோஷம். ஆனால் ஏழு நாளும் பள்ளிக்கூடத் தரையில்தான் படுக்கை என்று கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நான் கல்லூரியில் படித்தபோது போன முகாமில், விடியற்காலையில் பக்கத்துப் பாய்க்காரன் வயிறு வலிக்கிறது என்றான். தின்றது சேரவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்தோம். சற்று நேரத்தில் அவன் இமைகள் தாமாகச் சரிந்தன. விரலால் தூக்கிப் பிடித்துத்தான் என்னைப் பார்த்தான். பேச்சு குழறியது. பாயைச் சுருட்டினால் அடியில் கட்டுவிரியன். கடிவாய் தேடியும் தெரியவில்லை. பால் வண்டியில் ஈரோட்டுக்குக் கொண்டுபோனோம், பிழைத்தான். வண்டி தேடி அலைந்த அந்த அரை மணி நேரத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. கடித்தால் பெரிதாக வலிக்காது, வீங்காது. விடியலில் யாராவது வயிற்று வலி, விழுங்க முடியவில்லை, கண் சொருகுகிறது என்றால் உடனே பாம்பை நினை. கயிறு போட்டு இறுக்காதே, கீறாதே, உறிஞ்சாதே, நடக்க விடாதே. மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட இடம் தெரிந்தால் எலும்பு முறிந்தது போல மட்டை வைத்து அசையாமல் வைத்துக்கொண்டு 108-ஐ அழை. மந்திரிக்கலாம் என்று ஊரில் யாராவது சொன்னால், அவர் எவ்வளவு பெரியவரானாலும் கேட்காதே.

விஷமுறிவு மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்று முகாமுக்கு முந்தைய நாளே நேரில் போய்க் கேட்டுவிடு. ஆம்புலன்ஸ் தாமதமானால் எந்த வண்டி, ஓட்டுநர் இரவில் எங்கே படுப்பார், அடிவாரத்தில் செல்போன் சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கிறது, எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு உள்ள பிள்ளைகள் யார் என்று அவர்கள் வீட்டிலேயே கேட்டு எழுதிக்கொள்.

கடைசி நாள் கொடிவேரி அணைக்குப் போகலாம் என்பார்கள். மேலே பவானிசாகர் அணையில் தண்ணீர் திறந்தால் இங்கே மழையே இல்லாமலும் ஆறு ஏறும். கேட்காமல் யாரையும் இறங்க விடாதே. பஸ் ஏறும் முன் நீயே தலை எண்ணு.

பரணில் இருந்த ஆறு கொசுவலைகளை அம்மா துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகச் சொல். மற்றவர்களுக்கும் வலை வாங்கச் சொல்லிக் கல்லூரியில் இன்றே கேள். தோட்டத்துச் சாளையில் நாலு கயிற்றுக் கட்டில் இருக்கிறது, டெம்போவில் ஏற்றி அனுப்புகிறேன். எந்தப் பள்ளிக்கூடம் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா