குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பும் முன்

மதுரை

அன்புள்ள செண்பகம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் உடனே பதில் எழுத முடியவில்லை. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். தூரத்தில் வருகிறவர் முகம் தெரிகிறதாம். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கவே நீ ஒரு நடை வரலாம். பெரியவன் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறான். சின்னவன் வழக்கம்போல என் செல்போனோடு இருக்கிறான்.

கார் வாங்கிய செய்தியை இரண்டு தடவை படித்தேன். பாளையங்கோட்டை ஹாஸ்டலில் இருந்தபோது ஒரு சைக்கிளை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள் நாம். இன்று நீ ஸ்டியரிங் பிடித்து, குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு, தாம்பரத்திலிருந்து அம்பாசமுத்திரம் வரை பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போகப்போகிறாய். மனசு நிறைந்துவிட்டது.

ஆனால் நீ எழுதிய ஒரு பத்தி மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. "அத்தைக்கு முட்டி வலி, அதனால் முன் சீட்டு. சின்னவள் அத்தை மடியை விடமாட்டாள். பொங்கல் பானை, கரண்டி எல்லாம் பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பலகையில் வைத்துவிடலாம். ஆறு ஏர்பேக் இருக்கிறது, டயரில் காற்று குறைந்தால் வண்டியே சொல்லும், பயமில்லை" என்று எழுதியிருந்தாய். இதைப் பற்றி உன்னிடம் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பானை. போன வருஷம் பங்குனி உத்திரம் முடிந்து நாங்கள் ஊரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அவர்தான் ஓட்டினார். கயத்தாறு தாண்டி நான்குவழிச்சாலையில் எண்பதில் போய்க்கொண்டிருந்தபோது, எதிர்த்திசையில் ஒரு பைக் நம் பக்கத்திலேயே வந்தது. அவர் பிரேக்கை முழுக்க மிதித்தார். வண்டி நடுங்கி நின்றது, எதிலும் மோதவில்லை, பைக்காரனும் தப்பினான். ஆனால் பின்பலகையில் நான் வைத்திருந்த பித்தளைப் பானை, சின்னவன் காதை ஒட்டிக்கொண்டு பறந்து வந்து கியர் பெட்டியில் மோதி விழுந்தது. அதற்குள் கிடந்த கரண்டி என் கால் பக்கம் வந்து கிடந்தது. சின்னவன் அழவில்லை. காதைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தான். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பானையைத் தராசில் வைத்தேன். நாலரை கிலோ. கியர் பக்கத்தில் விழுந்த பள்ளத்தை இன்னும் சரி செய்யவில்லை, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அது வெறும் பிரேக்தான் செண்பகம், மோதல் இல்லை. கார் எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டாமல் இருக்கிற ஒவ்வொன்றும் கார் போன வேகத்திலேயே தொடர்ந்து முன்னால் போகும். பெரியவன் ஒருநாள் கணக்குப் போட்டுக் காட்டினான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுகிற வேகம். 80 என்றால் 25 மீட்டர், எட்டாவது மாடி. மாடியிலிருந்து பானை விழுந்தால் கீழே நிற்பவர் தலை என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். காருக்குள் அதே பானை படுக்கைவாட்டில் வருகிறது, அவ்வளவுதான்.

அதனால் பின்பலகையில் ஒன்றுமே வேண்டாம், சாமி பிரசாதம்கூட. அரிசி மூட்டை, தேங்காய்ச் சாக்கு இரண்டும் டிக்கியின் தரையில், பின் சீட்டு முதுகை ஒட்டி முட்டுக்கொடுத்த மாதிரி இருக்கட்டும். பானை சட்டியை ஒரு சாக்கில் போட்டு வாயைக் கட்டி அவற்றுக்கு நடுவே அசையாமல் திணித்துவிடு. துணிப்பை எல்லாம் மேலே, ஆனால் சீட்டு முதுகின் உயரத்தைத் தாண்டாமல். தண்ணீர் பாட்டிலை உன் காலடியில் வைக்காதே. உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய்விட்டால் மிதிக்கவே முடியாது. மேலே கேரியர் வைத்துக் கட்டலாமா என்று கேட்டிருந்தாய். வண்டிப் புத்தகத்தில் கூரைக்கு எத்தனை கிலோ என்று போட்டிருக்கும், பெரும்பாலும் ரொம்பக் குறைவாகத்தான் இருக்கும். மேலே பாரம் ஏற ஏற வண்டி வளைவில் சாயும். வேண்டாம் என்றே சொல்வேன்.

மொத்தப் பாரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. வண்டியின் மொத்த எடை வரம்பிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் மிச்சம்தான் ஆளும் சாமானும் சேர்த்து நாம் ஏற்றக்கூடியது. எங்கள் வண்டியில் அது 430 கிலோ வந்தது. நாங்கள் ஐந்து பேரே 310. மிச்சம் 120-ல் அரிசி 50, தேங்காய் 40 போனால் பாக்கி எவ்வளவு என்று பார். ஊரில் மாமா "இன்னொரு மூட்டை போட்டுக்கோ" என்பார். அப்போது வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வேண்டும்.

இப்போது மடியில் குழந்தை. இதைத்தான் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். ஏர்பேக் மெதுவாக ஊதுகிற பலூன் இல்லை. மோதலை உணர்ந்ததும் ஒரு சின்ன வெடிப்பில் பிறக்கிற வாயு அதை நிரப்புகிறது. நொடியில் நூற்றில் மூன்று முதல் ஐந்து பங்கு நேரம், கண் இமைத்து முடிவதற்குள் விரிந்து முடிந்துவிடும். பெல்ட் போட்டு, முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைத் தாங்கத்தான் அந்த வேகம். மடியில் இருக்கிற நாலு வயசுக் குழந்தைக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது? பை விரிந்து வந்து நேராகக் குழந்தையின் முகத்திலும் கழுத்திலும் அறையும். பின்னாலிருந்து அத்தையின் முழுப் பாரமும் சேர்ந்து நசுக்கும். எவ்வளவு பாசமாக இறுக்கிப் பிடித்திருந்தாலும் அந்த நேரத்தில் எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. பக்கத்து வீட்டுப் பையன் ஒரு சர்வீஸ் சென்டரில் மெக்கானிக்காக இருக்கிறான். "அக்கா, முன் சீட்டு மடிக் குழந்தையைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்" என்பான்.

சின்னவளுக்குப் பின் சீட்டில் குழந்தை இருக்கை போடு. உன் வண்டியில் சீட்டுக்கும் சாய்வுக்கும் நடுவே கையை விட்டுப் பார், இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். அதுதான் ஐசோஃபிக்ஸ், இருக்கையை அதில் மாட்டினால் ஆடாது. பாட்டி வேண்டும் என்று அழுவாள்தான். அப்படியானால் அத்தையும் அவளும் பின்னால் உட்காரட்டும், உன் வீட்டுக்காரர் முன்னால் வரட்டும். அத்தைக்கு முன் உள்ள சீட்டை முன்னுக்குத் தள்ளிவிட்டால் முட்டியை நீட்டிக்கொள்ளலாம். இது சட்டமும்தான். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம்.

பின் சீட்டிலும் எல்லோரும் பெல்ட் போட வேண்டும். 2022 செப்டம்பர் 4 அன்று மும்பைக்குப் பக்கத்தில் பால்கரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். உயர்தரமான வண்டி. பின்னால் இருந்த இருவரும் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது. அந்த இருவரும் இறந்தார்கள், முன்னால் இருந்த இருவர் காயத்தோடு பிழைத்தார்கள். ஏர்பேக் பெட்டியில் எஸ்.ஆர்.எஸ். என்று எழுதியிருக்கிறதே, அதில் முதல் எழுத்துக்கு அர்த்தமே 'துணை' என்பதுதான். பெல்ட்தான் பிரதானம், பை அதற்குத் துணை. பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற சத்தத்தை நிறுத்த ஒரு கிளிப் விற்பார்கள், அதை யார் கொடுத்தாலும் வாங்காதே. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, இணைய விற்பனைத் தளங்களிலிருந்து அந்த மாதிரி 13,118 பட்டியல்களை எடுக்க வைத்தது.

போட்டோவில் பார்த்தேன், டேஷ்போர்டின் இடதுபக்கம் பிள்ளையாரை டேப் போட்டு ஒட்டியிருக்கிறாய். அந்த மூடியில் ஏர்பேக் என்று எழுதியிருக்கும், பார். பை அந்த மூடியைப் பிய்த்துக்கொண்டுதான் வெளியே வரும். மேலே இருக்கிற உலோகச் சிலை எதிரே இருப்பவர் முகத்துக்கே போகும். நானும் அங்கேதான் ஒட்டியிருந்தேன். எடுக்கவே கை வரவில்லை, ஒரு வெள்ளிக்கிழமை சூடம் காட்டிவிட்டு எடுத்து வீட்டுப் பூஜை அறையில் வைத்தேன். வண்டியில் இப்போது ஒரு சின்னப் படம், காகிதத்தில், நடுவில் ஒட்டியிருக்கிறேன். அதேபோல சீட்டுக்குத் தோல் உறை போட்டாயே, பக்கவாட்டு ஏர்பேக் சீட்டின் ஓரத்திலிருந்து வருகிற வண்டிகளில் அந்த இடத்தில் உறை பிரிந்துகொள்ளும்படி தையல் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் கேட்டு, இல்லையென்றால் கழற்றிவிடச் சொல். அப்புறம், நீ உயரம் குறைவு, ஸ்டியரிங்கை ஒட்டி உட்காருவாய். உன் நெஞ்சுக்கும் ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குச் சற்று மேலேயே, இடைவெளி வேண்டும். சீட்டைக் கொஞ்சம் உயர்த்தி, பின்னுக்குத் தள்ளிப் பார்.

டயர் விஷயம். மூன்று மாதம் முன்பு சாத்தூர் தாண்டி வந்துகொண்டிருந்தபோது, மீட்டரில் குதிரை லாடம் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு, நடுவில் ஆச்சரியக்குறி. வண்டி ஓட்டத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மதுரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் விடவில்லை. வேப்பமரத்தடியில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரப் பெரியவர் சோப்புத் தண்ணீரைக் கையால் வழித்து டயரைச் சுற்றித் தடவினார். ஒரு இடத்தில் மட்டும் குமிழ் குமிழாக வந்தது. ஒரு செருப்பு ஆணி. காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய இடத்தில் 21 இருந்தது. என்னைக் கூப்பிட்டு, "பக்கவாட்டுல கைய வச்சுப் பாரும்மா" என்றார். வைத்த கையை உடனே எடுத்துவிட்டேன், தோசைக்கல் மாதிரி கொதித்தது. மற்ற டயர் வெதுவெதுப்பாக இருந்தது. காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர்கிறது, அந்த மடங்கலில்தான் சூடு. பாரமும் வேகமும் வெயிலும் சேர்ந்தால் வெடித்துவிடும். பங்குனி வெயிலில், வண்டி நிறைய ஆளோடு, உளுந்தூர்பேட்டைச் சாலையில் நீ வருவதை நினைத்துப்பார்.

அந்த விளக்கு எனக்கு உதவியது, மறுக்கவில்லை. ஆனால் அது எப்போது எரியும் என்று தெரிந்துகொள். அமெரிக்காவில் 2000 வாக்கில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து பலர் இறந்த பிறகு சட்டம் வந்து, 2007 செப்டம்பர் முதல் அங்கே எல்லாப் புதுக் கார்களுக்கும் இந்த எச்சரிக்கை விளக்கு கட்டாயமானது. அந்த விதிப்படி காற்று 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். அதாவது 33 அடித்தால் 25-க்கு வரும்வரை விளக்கு சும்மா இருக்கலாம். 27-ல் பாரத்தோடு ஓடினாலும் அது ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். சில வண்டிகளில் சக்கரத்துக்குள்ளேயே சென்சார் இருக்கும், ஒவ்வொரு டயரின் அளவையும் எண்ணாகக் காட்டும். சில வண்டிகளில் சக்கரம் சுற்றுகிற வேகத்தை வைத்துக் கணிப்பதுதான். அந்த வகையில் நாலு டயரிலும் ஒரே மாதிரி காற்று இறங்கினால் கண்டுபிடிக்காது, காற்று அடித்த பிறகு ரீசெட்டும் செய்ய வேண்டும். உன்னுடையது எது என்று புத்தகத்தில் பார். ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் டிக்கியைத் திறந்து பார்த்துவிடு, அதில் பெரும்பாலும் சென்சார் இருக்காது, நாமேதான் காற்றைப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு காற்று என்று பங்க்காரப் பையனிடம் கேட்காதே. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆள் குறைவாக இருந்தால் ஓர் அளவு, முழுப் பாரத்துக்கு இன்னோர் அளவு. எங்கள் வண்டியில் முழுப் பாரம் என்றால் பின்சக்கரத்துக்கு 38. கிளம்புகிற அன்று காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதுதான் சரியான அளவு. நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நாலைந்து கூடக் காட்டும், அதைக் கண்டு காற்றை இறக்கிவிடாதே.

நீ விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் இங்கே வந்துவிடலாம். அன்று இரவு எங்கள் வீட்டிலேயே தங்கிவிடு, மறுநாள் குளிர்ந்த நேரத்தில் அம்பாசமுத்திரம் போகலாம். அம்மா உன் முகத்தைப் புதுக் கண்ணால் பார்க்கக் காத்திருக்கிறார். சின்னவன் வளர்ந்துவிட்டதால் அவனுடைய பழைய குழந்தை இருக்கை பரணில் சும்மா இருக்கிறது. துவைத்து வெயிலில் காயப்போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அடிபடாதது, அதன் காலாவதித் தேதியும் இன்னும் இருக்கிறது. ஆனால் தாம்பரத்திலிருந்து இங்கே வருகிற நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்கும் சின்னவளுக்கு அது வேண்டுமே. அதனால் பார்சல் சர்வீஸில் வருகிற புதன்கிழமை அனுப்புகிறேன். கூடவே காற்று பார்க்கிற கேஜ் ஒன்றும் இருக்கும். வந்து சேர்ந்ததும் போன் போடு, எப்படி மாட்டுவது என்று பக்கத்து வீட்டுப் பையனை வீடியோவில் காட்டச் சொல்கிறேன்.

உன்,
மல்லிகா