சொல்லிவிட்டுக் கிளம்பு

பாப்பா,

இரண்டு ஞாயிறாக நீ போன் எடுக்கவில்லை. வேலை இருக்கும், தெரியும். அதனால்தான் கடுதாசி. அப்பா நாலு மணிக்கே போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். கேட்டால் கிரிக்கெட் ஸ்கோர் என்கிறார்.

குட்டிக்கு எல்.கே.ஜி. மூன்றாவது வாரம். முதல் வாரம் சிரித்துக்கொண்டு போனவன் இப்போது அழுகிறான் என்று மாப்பிள்ளை சொன்னார். 28 வருடம் பால்வாடியில் நான் பார்த்ததுதான். முதலில் எல்லாம் வேடிக்கை. தினமும் போகணும் என்று புரிகிறபோதுதான் அழுகை வரும். அது பிடிவாதம் இல்லை.

ஒன்று மட்டும் கேள். அவனை விட்டுவிட்டு நழுவி வராதே. அழுதாலும் பரவாயில்லை, முகத்தைப் பார்த்து, 'போயிட்டு வரேன், நீ சாப்பிட்டு முடிச்சதும் அம்மா வந்துடுவேன்' என்று சொல்லு. பன்னிரண்டரை மணி என்றால் அவனுக்கு என்ன தெரியும்? சொன்னதும் கிளம்பிவிடு. ஜன்னலில் எட்டிப் பார்க்காதே.

புது டப்பா நாலு பக்கமும் கிளிப் போட்டது என்றாயே, அவனால் திறக்க முடிகிறதா? மூடியோடு மல்லுக்கட்டிவிட்டுப் பட்டினியாகத் திரும்பும் பிள்ளைகள் உண்டு. வீட்டிலேயே அதில் இட்லியை வைத்துக் கொடு, தானே திறந்து சாப்பிடட்டும். அப்புறம், ஒன்றுக்கு வந்தால் 'மழை வருது' என்கிறானே, அப்பா பழக்கிவிட்டது, அது மிஸ்ஸுக்கு எப்படிப் புரியும்? அங்கே மற்றப் பிள்ளைகள் என்ன சொல்கிறார்களோ அதைக் கேட்டு வந்து பழக்கு. கேட்கத் தெரியாமல் அடக்கி அடக்கி, கடைசியில் டிராயரை நனைத்துக்கொண்டு கூனிக்குறுகி நிற்கும் பிள்ளைகளை நான் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்.

கோட்டுக்குள் எழுத மாட்டேன் என்கிறான் என்று அன்றைக்குப் போனிலேயே அவனை அதட்டினாய். அப்புறம் ஏதோ சத்தம் கேட்டது, லைன் போய்விட்டது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நாலு வயது நிறையாத பிள்ளைக்கு மணிக்கட்டு எலும்பே இன்னும் முழுசாக உருவாகியிருக்காது, பாப்பா. எங்கள் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேல் போட்டு இடது காதைத் தொட்டால்தான் ஒன்றாம் வகுப்பு. ஐந்து வயதில்தான் எட்டும். சப்பாத்தி மாவை உருட்டக் கொடு, பச்சைப் பட்டாணி உரிக்கக் கொடு, விரல் தானாக வலுக்கும். 247 எழுத்தும் எங்கேயும் ஓடிப் போகாது. போன விஜயதசமிக்குக் கூத்தனூரில் தாத்தா மடியில் உட்கார்ந்து நெல்லில் அ போட்டவன்தானே!

ஆபீசில் நாற்பது பேரை நீ கட்டி மேய்க்கிறாய் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறேன். அந்தப் பொறுமை வீட்டுக்கு வந்தால் எங்கே போகிறது? கோபித்துக்கொள்ளாதே. உன்னைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நீ ஒன்றாம் வகுப்பு சேர்ந்த அன்று, 'மிட்டாய் வாங்கிட்டு வரேன், இங்கேயே நில்லு' என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடி வந்துவிட்டேன். பால்வாடிக்கு நேரமாகிவிட்டது. அங்கே யாரோ பெற்ற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு 'அம்மா வந்துடுவாங்கடா கண்ணு' என்று தேற்றிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வந்தால், காலையில் நிறுத்திய அதே வேப்பமரத்தடியில் நிற்கிறாய். டீச்சர் உள்ளே கூட்டிப் போனாலும் ஒவ்வொரு மணிக்கும் அங்கே ஓடி வந்து நின்றாயாம். அழவில்லை. மிட்டாய் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. நான் வாங்கியும் வரவில்லை. அன்று ராத்திரி அப்பாவிடம் போய்ப் படுத்துக்கொண்டாய். அதற்கப்புறம் என்னிடம் எதையும் கேட்காத பிள்ளையாகவே வளர்ந்தாய். சமர்த்து என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன். இப்போது நீ போன் எடுக்காவிட்டால் அந்த வேப்பமரம்தான் கண்ணில் நிற்கிறது.

சொல்லிவிட்டுக் கிளம்பு, பாப்பா. மணியடிக்கும் முன்னாலேயே போய் வாசலில் நில்லு.

சத்துமாவு அரைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி அப்பா மன்னை எக்ஸ்பிரசில் கிளம்புகிறார். எனக்கும் டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்கிறார். நீதான் சொல்லணும்.

அம்மா