அபராதம் யாருக்குப் போகிறது?

ஆசிரியருக்கு,

ரேஷன் அட்டை முதல் முதியோர் உதவித்தொகை வரை, எந்த விண்ணப்பத்துக்கும் ஆதார் நகல் கேட்கிறார்கள். கொடுத்த விவரம் கசிந்தால்? 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அந்தத் தொகை இந்தியத் தொகுப்பு நிதிக்கு, அதாவது மத்திய அரசின் கருவூலத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பைசாவும் இல்லை. கசியவிட்டது அரசு அலுவலகம் என்றால், பொதுப்பணம் பொதுப்பணத்தோடு சேரும். நல்ல கணக்கு! போதாக்குறைக்கு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டி எந்த அரசு அமைப்புக்கும் இந்தச் சட்டத்திலிருந்து மத்திய அரசு முழு விலக்கே அளிக்க அதன் 17-ஆவது பிரிவு வழிவிடுகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்த பிறகும் இந்த நிலை. சட்டத்தில் இழப்பீட்டுக்கு இடம் வேண்டும். அதுவரை, கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் ஆதார் நகலையாவது எல்லா அலுவலகங்களும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளட்டும்.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்