சூசென் என்ற ஜப்பானியக் கைச்சாயத் துணி என்று சொல்லி அச்சுத் துணி விற்றது பற்றி

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் அனுப்பும் நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் "விரைவில் தொடர்புகொள்வோம்" என்ற ஒரே பதில்தான்.

டோக்கியோவின் நிஷி-கசாய் தமிழர் குழுவில் நீங்கள் தமிழிலேயே போட்ட விளம்பரத்தை நம்பி, மகளுக்கு அசகாவோ (மார்னிங் குளோரி) பூப்போட்ட யுகாட்டா, அதாவது கோடைக்கால கிமோனோ ஒன்றை 38,000 யென் கொடுத்து வாங்கினேன். "கையால் சாயமேற்றிய சூசென்" என்று ரசீதிலேயே இருக்கிறது. பிரித்து உதறினால் உள்பக்கம் வெள்ளை வெளேர்!

சூசென் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 12 மீட்டர்த் துணியைப் பசை தடவி மடித்து அடுக்கி, மேலே கெண்டியால் சாயம் ஊற்றி, கீழே பம்பு வைத்து உறிஞ்சுவார்கள். இரண்டு பக்கமும் ஒரே நிறமாக வரும். இதழ் ஓரத்தில் நீலம் கரைந்து வெளிறும். இதிலோ நீலம் கத்தரியால் வெட்டிய மாதிரி நிற்கிறது. உற்றுப் பார்த்தால் புள்ளி புள்ளியாக மை. மதுரைச் சுங்குடி கட்டி வளர்ந்தவள் நான், சாயத்தில் என்னை ஏமாற்ற முடியாது. அச்சுத் துணி மட்டம் என்றும் சொல்லவில்லை. அச்சு என்று சொல்லி அந்த விலைக்கு விற்றிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

ஜூலைப் புழுக்கத்தில் நிஹோம்பாஷியில் ரயில் மாறி உங்கள் அசகுசா கடைக்கு வந்தேன். அங்கிருந்த ஊழியர் துணியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "உள்பக்கத்தை யார் மேடம் பார்க்கப் போறாங்க?" என்றார். நடந்தால் கீழ்மடிப்பு விலகும், கையைத் தூக்கினால் கைப்பகுதி புரளும், ஊரே பார்க்கும்! யுகாட்டாவுக்கு லைனிங் கிடையாது என்பதுகூட யுகாட்டா விற்கிறவருக்குத் தெரியாதா? ரசீதை நீட்டினேன். "இது ஆன்லைன் ஆர்டர், போன் பண்ணுங்க." அதற்கு முன்பு போனில் சொன்னது என்ன தெரியுமா? "கடைக்குப் போங்க." மறுபடி அலைந்து வந்தால் அன்று கடைக்கு விடுமுறை. அந்த அலைச்சலில் என் குடையும் போனது.

ஜூலை கடைசிச் சனிக்கிழமை, சுமிதா ஆற்று வாணவேடிக்கைக்கு மகள் பள்ளி டி-ஷர்ட்டில் போனாள். தோழிகள் எல்லாரும் யுகாட்டாவில். அவளுடைய கோடையே பாழ். எனக்கு ஒரு லட்சம் யென்னாவது நஷ்டம்.

தயவுசெய்து பத்து நாளுக்குள் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 188-ஐ அழைப்பேன். இரண்டு பக்கத்துப் படங்களும் தயாராக இருக்கின்றன. அந்த நிலை வராது என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: என்னிடம் பேச அந்த ஊழியரை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.