பிரிண்டர் பிறகு வரட்டும்

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. உங்கள் பழைய மாணவர்கள் பிளாஸ்டிக்கை உருக்கிப் பொருள் செய்கிற த்ரீடி பிரிண்டர் ஒன்று வாங்கித் தரத் தயார், பிள்ளைகள் தாங்களே கருவிகளோடு செய்து பழகுகிற மேக்கர்ஸ்பேஸ் அறையை உன் பள்ளியில் எப்படித் தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். என்னைக் கேட்டால் அந்தக் காசில் முதலில் ஆட்டம் காணாத மேசைகள், மின்னை அளக்கிற மல்டிமீட்டர், வயர்களைப் பற்றவைக்கிற சோல்டரிங் அயன், நல்ல குறடு, ஸ்க்ரூ டிரைவர் இவற்றை வாங்கச் சொல். பிரிண்டர் சின்னதொரு பெட்டியைச் செய்து முடிக்கவே சில மணி நேரம் எடுக்கும், அதுவரை பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும். கைவேலைக்கு என்று அறையைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளைக் கைகட்டி நிற்க வைப்பதா?

நாங்கள் வீடுகளில் கிடந்த பழுதான சாமான்களைக் கேட்டு வாங்கித்தான் தொடங்கினோம். ரேடியோ, ரைஸ் குக்கர், ஃபேன் என்று வந்து குவிந்தன. போன வாரம் மெதுவாகச் சுற்றுகிற சீலிங் ஃபேன் ஒன்று வந்தது. மோட்டர் போய்விட்டது, எறியுங்கள் என்று எல்லோரும் சொல்ல, தரம் 9 பிள்ளை ஒருத்தி மட்டும் கையால் சுழற்றிப் பார்த்துவிட்டு, "சேர், இது இறுக்கமே இல்லையே" என்றாள். இறுக்கம் இல்லையென்றால் சுற்றத் தடை இல்லை, அதனால் மோட்டர் சுற்ற உதவுகிற, மின்னைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரைக் கழற்றினோம். மேலே அதன் அளவு 2.5 மைக்ரோஃபரட் என்று இருக்கிறது, மீட்டரோ ஒன்றுக்கும் கீழே காட்டுகிறது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் புதியது வாங்கிப் போட்டதும் ஃபேன் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. அன்றைக்கு அந்தப் பிள்ளையின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் மச்சான், எனக்கே கண் கலங்கிவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. 230 வோல்ட்டில் பிள்ளைகள் கை வைக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்னை ஆசிரியர் வெளியேற்றிய பிறகுதான் அவர்கள் தொட வேண்டும். மின் கசிந்தால் தானாகவே நிறுத்துகிற ட்ரிப் சுவிட்ச் ஒன்றை அறைக்கென்று தனியாகப் போடு. அவர்கள் தாங்களாகச் செய்வதெல்லாம் பற்றரியிலும் 5 வோல்ட்டிலும் நடக்கட்டும், ப்ரோகிராம் எழுதிப் பழகுகிற ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன சர்க்யூட் போர்டுக்கு அதுவே போதும். பற்றவைக்கிற சோல்டர் கம்பி ஈயம் கலந்தது என்றால் ஜன்னலைத் திறந்து வை, வேலை முடிந்ததும் சோப் போட்டுக் கை கழுவ வை.

இங்கே காசைவிடப் பெரிய தடை நேரம்தான். ஒன்றரைக்கு மணி அடித்தால் பாதிப் பிள்ளைகள் டியூஷனுக்கு ஓடிவிடுவார்கள், மற்றவர்கள் வேன் பிடிக்க வேண்டும். அதனால் பின்னேரத்தை நம்பாமல், தரம் 6 முதல் 9 வரை இருக்கிற செயன்முறைத் தொழினுட்பப் பாடவேளையையே அந்த அறையில் நடத்த அதிபரிடம் கேட்டு வாங்கினேன். நீயும் முதலில் அதிபரிடம் இதைப் பேசு. சாவி ஆசிரியர் ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் லீவு போடுகிற நாளில் அறையும் பூட்டித்தான் கிடக்கும், அதையும் யோசி.

இங்கே வெள்ளவத்தைக் கடற்காற்றில் குறடு எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கிறது, மெஷின் எண்ணெய் தடவியே வைக்கிறோம். மட்டக்களப்பிலும் அதே உப்புக் காற்றுதானே. பிறகு பிரிண்டர் வந்தால் அதன் பிளாஸ்டிக் இழையைக் காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தை இழுக்கிற சிலிக்கா ஜெல் போட்டு வை, ஈரம் உறிஞ்சினால் அச்சு சரியாக வராது.

விடுமுறைக்குக் கொழும்பு வருவாய்தானே? வார நாளில் வா, குறுக்குத் தெருவில் கடை கடையாக ஏறி உன் பட்டியலை ஒரே நாளில் முடித்துவிடலாம். அதற்கு முன் அறையின் நீள அகலமும் எத்தனை பிளக் பொயின்ட் இருக்கிறது என்பதும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்