ஆல்ட் விசையும் அட்டைச் சிவப்பும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. மணிக்கட்டு வலி இப்போது எப்படி இருக்கிறது? பேனா டேப்லெட்டை இடது கையில் பழகிப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாயே, கொஞ்சமாவது வசப்பட்டதா? அந்த வரியைப் படித்தபோது நானும் கிட்டத்தட்ட உன் நிலையில்தான் இருந்தேன். என் கைக்கு ஒன்றும் இல்லை, கைக்குப் பழகிய கணினிதான் மாறிப்போயிருந்தது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது உனக்குத் தெரியும். அடுத்த பதிப்புக்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். என் கணினியில் அது இல்லை. மற்றபடி நல்ல கணினி, மெமரி தாராளமாக இருக்கிறது, திரையும் அருமையான திரை. அதை ஓரம் கட்ட மனம் வரவில்லை. இரண்டு வாரம் யோசித்துவிட்டு லினக்ஸ் மின்ட் என்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவினேன். நிறுவுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பழகத்தான் இத்தனை நாள்.

நாம் பழகிய வடிவமைப்பு மென்பொருள்களான போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் மூன்றும் லினக்ஸுக்கென்று வருவதில்லை. அதனால் இயங்குதளத்தோடு சேர்த்து வேலை செய்யும் கருவிகளும் ஒரே நாளில் மாறின. படங்களுக்கு கிம்ப், லோகோ மாதிரி வெக்டர் வேலைக்கு இங்க்ஸ்கேப், பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ், வரைவதற்கு கிரிட்டா.

முதல் வாரம் முழுக்க விரல்களோடுதான் மல்லுக்கட்டினேன். ஒரு பழைய புகைப்படத்தில் கீறல்களை அழிக்க உட்கார்ந்தேன். குளோன் கருவியை எடுத்ததும், எங்கிருந்து நகல் எடுக்க வேண்டும் என்று காட்ட என் விரல் தானாக ஆல்ட் விசைக்குப் போனது. கிம்ப்பில் அதற்கு கன்ட்ரோல் விசை. இங்க்ஸ்கேப்பில் ஒரு வடிவத்தை ஆல்ட்டோடு இழுத்தேன், நகல் வரும் என்று. நகல் வரவில்லை, மொத்தச் சாளரமும் நகர்ந்தது! மின்ட்டில் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு எங்கே இழுத்தாலும் சாளரம் நகரும். அது அதன் இயல்பு. இங்க்ஸ்கேப்பே ஆல்ட்டைப் பல இடங்களில் பயன்படுத்துகிறது, உதாரணமாக ஒன்றின் அடியில் மறைந்திருக்கும் வடிவத்தைத் தேர்ந்தெடுக்க. அதுவும் ஆல்ட்டோடு இழுக்கும்போது சாளரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சாளரங்களுக்கான அமைப்பில் போய் அந்த வேலையை சூப்பர் விசைக்கு மாற்றிக்கொண்டேன். விண்டோஸ் சின்னம் போட்ட விசையைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். நீ எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் முதல் வேலையாக இதைச் செய்துவிடு. எனக்கு இது தெரிய மூன்று நாள் ஆனது.

எல்லா ஷார்ட்கட்டுகளையும் பழைய மாதிரியே மாற்றிக்கொள்ளவும் முடியும். நானும் ஒரு இரவு உட்கார்ந்து மாற்றினேன். இரண்டு நாள் கழித்து அந்த மாற்றங்களையெல்லாம் நீக்கிவிட்டேன். உதவிக் குறிப்புகள் எல்லாமே அந்தந்தக் கருவியின் சொந்த விசைகளில்தான் பேசுகின்றன. நான் மட்டும் வேறு விசைகளை வைத்திருந்தால், படித்துப் பழகவே வழி இல்லாமல் போய்விடும். கருவி பேசும் மொழியைக் கற்றுக்கொள்வதுதான் சரி என்று பட்டது. ஆனாலும் செய்ததை மீட்க, வெட்ட, நகலெடுக்க, ஒட்ட என்று தட்டும் இசட், எக்ஸ், சி, வி நான்கு மட்டும் எங்கே போனாலும் கூடவே வருகின்றன, கவனித்திருக்கிறாயா? வெட்டி ஒட்டும் முறையை 1970-களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர்களில் ஒருவர் லாரி டெஸ்லர். பிறகு அவர் ஆப்பிளுக்குப் போனார். 1983-இல் வந்த லிசா கணினியிலேயே இந்த எழுத்துகள் இடம்பிடித்துவிட்டன. விசைப்பலகையின் கீழ்வரிசையில் அடுத்தடுத்து இருக்கும் நான்கு எழுத்துகள். தட்டுத்தடுமாறிய அந்த வாரத்தில் அவற்றைத் தொடும்போதெல்லாம் தெரிந்த முகத்தைப் பார்த்த ஆறுதல் கிடைத்தது.

இன்னொன்று நடந்தது. ஒரு சுவரொட்டியில் தலைப்புக்கு அடியில் மெல்லிய நிழல் போடுவது என் வழக்கம், உனக்குத் தெரியும். பழைய கணினியில் அதை யோசிக்கவே மாட்டேன், கை போட்டுவிடும். இங்கே அந்த வசதி எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. தேடிக்கொண்டிருக்கும்போதே, இந்தத் தலைப்புக்கு நிழல் எதற்கு என்ற கேள்வி வந்தது. எதற்கும் இல்லை. பின்னணியே வெளிர் மஞ்சள், எழுத்து கருநீலம், நிழல் இல்லாமலே எழுத்து நிமிர்ந்து நின்றது. இத்தனை வருடம் நான் போட்ட நிழல்களில் எத்தனை என் கண் கேட்டவை, எத்தனை கை பழக்கத்தில் விழுந்தவை என்று அன்று இரவு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். வேலை தெரியும் என்று நான் நம்பியதில் ஒரு பெரிய பங்கு விரல்களின் பழக்கம்தான். புது இடத்துக்கு அது வரவில்லை. கண் மட்டும் வந்தது.

ஆனால் அந்தக் கண்ணையும் திரை ஏமாற்றியது. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு அட்டை செய்துகொண்டிருந்தேன். அட்டையில் பாதி சிவப்பு. என் திரையில் அந்தச் சிவப்பு கண்ணைக் குத்தியது. அதனால் செறிவைக் கொஞ்சம் குறைத்தேன், இன்னும் கொஞ்சம் குறைத்தேன், திரையில் அது செம்பருத்திச் சிவப்பாக வந்து நின்றது. அச்சகத்திலிருந்து ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு, வந்தபோது செங்கல் மாதிரி மங்கிக் கிடந்தது. அச்சகத்தின் மேல் தவறே இல்லை. என் திரை சாதாரணத் திரைகளுக்கான எஸ்ஆர்ஜிபி என்ற வண்ண எல்லையைத் தாண்டி அதிக வண்ணங்களைக் காட்டும் திரை. பழைய இயங்குதளத்தில் அந்தத் திரையை அளந்து எடுத்த ஐசிசி புரொஃபைல், அதாவது திரை வண்ணங்களை எப்படிக் காட்டுகிறது என்று சொல்லும் கோப்பு, வேலை செய்துகொண்டிருந்தது. புதிதாக நிறுவியபோது அதுவும் போய்விட்டது. இந்த எண்ணுக்கு இவ்வளவு சிவப்பு போதும் என்று திரைக்குச் சொல்ல யாரும் இல்லை. அது தன்னால் முடிந்த உச்சத்தைக் காட்டியது. நான் அந்தப் பொய்ச் சிவப்பைப் பார்த்து, உண்மைச் சிவப்பைக் குறைத்துவிட்டேன்.

நாம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்த நாள்கள் ஞாபகம் வந்தன. நீ மேக்கில், நான் விண்டோஸில். நான் சரிசெய்து அனுப்பும் படம் உன் திரையில் வெளிறித் தெரியும், நீ அனுப்புவது என் திரையில் இருண்டு வரும். எத்தனை முறை ஒருவர் கண்ணை ஒருவர் சந்தேகித்திருப்போம்! திரையின் நடு வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் காமா என்ற அளவு மேக்கில் 1.8, விண்டோஸில் 2.2 என்பதுதான் காரணம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. 2009-இல் ஸ்னோ லெப்பர்டு என்ற மேக் பதிப்பு வந்தபோது மேக்கும் 2.2-க்கு மாறியது, அந்தச் சண்டையும் ஓய்ந்தது.

இந்த முறை சண்டை போட யாரும் பக்கத்தில் இல்லை. வண்ணம் அளக்கும் கருவியை ஒருவரிடம் இரவல் வாங்கி, டிஸ்பிளேகால் மென்பொருளை வைத்துத் திரையை மறுபடி அளந்தேன். அதற்கு அடியில் ஓடுவது ஆர்கில் என்ற கட்டற்ற மென்பொருள். வண்ணத்தை அளக்கும் வேலையை மிக நேர்த்தியாகச் செய்கிறது. புரொஃபைலை அமைப்பில் ஏற்றிய பிறகு, கிம்ப், கிரிட்டா, இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் ஒவ்வொன்றிலும் வண்ண மேலாண்மைப் பகுதியைத் திறந்து, திரையின் புரொஃபைலை மதிக்கிறதா என்று தனித்தனியாகப் பார்த்தேன். ஒரு இடத்தில் செய்தால் எல்லா இடத்துக்கும் ஆயிற்று என்று நினைத்துவிடக் கூடாது. பிறகு அட்டையைத் திறந்தேன். ப்ரூஃபில் பார்த்த அதே செங்கல், என் திரையிலும். அந்த நிமிடம் எனக்கு உண்டான நிம்மதியை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது.

கறுப்பிலும் ஒரு பாடம் இருக்கிறது. இங்க்ஸ்கேப்பின் அடிப்படை எஸ்விஜி என்ற கோப்பு வடிவம், அது திரையின் சிவப்பு, பச்சை, நீலத்தில் வண்ணம் சொல்லும் ஆர்ஜிபி உலகம். அங்கே அடித்த கறுப்பு எழுத்து அச்சுக்கு மாறும்போது நான்கு மைகளின் கலவையாகப் பிரியும். பெரிய தலைப்புக்குப் பரவாயில்லை. எட்டு புள்ளி எழுத்தில், ஒவ்வொரு மைக்கும் உள்ள அச்சுத் தகடுகளில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் ஓரத்தில் நிறம் கசியும். அதனால் ஒரு முறை வகுத்துக்கொண்டேன்: படம் கிம்ப்பில், வடிவம் இங்க்ஸ்கேப்பில், எழுத்து மட்டும் எப்போதும் ஸ்கிரைபஸில், கறுப்பு மை நூறு சதம் என்று அங்கேயே வைத்து, அங்கிருந்தே பிடிஎஃப். அச்சகத்தின் புரொஃபைலையும் அந்தக் கடைசிப் படியில்தான் கொடுக்கிறேன்.

ஸ்கிரைபஸில் தமிழ் வருமா என்று கேட்டிருந்தாய். 2024-இல் வந்த 1.6 பதிப்பில் நன்றாகவே வருகிறது. பழைய 1.4-இல் முடியாது. 'கொ' என்று தட்டினால் கணினி ககரத்தை முதலில், உயிர்க்குறியை அப்புறம் சேமிக்கிறது. காட்டும்போது கொம்பை இடப்பக்கம், காலை வலப்பக்கம் என்று பிரித்து வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தைச் சேர்த்த பிறகுதான் தமிழ் அங்கே ஒழுங்காக உட்கார்ந்தது.

பழைய கோப்புகளைத் திறந்தபோதுதான் மனசு கொஞ்சம் கலங்கியது. விண்டோஸோடு வரும் லதா எழுத்துருவில் செய்த பக்கங்களில் நோட்டோ என்ற வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்திருந்தது. அகலம் வேறு, வரிகள் வேறு இடத்தில் உடைந்தன, ஒரு வரித் தலைப்பு இரண்டானது. ஆங்கிலத்தில் ஏரியலுக்குப் பதில் லிபரேஷன் வந்தால் எழுத்தின் அகலம் மாறாது, வரியும் உடையாது. அதற்கென்றே அளந்து செய்த எழுத்துரு அது. தமிழுக்கு அப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நாம் சேர்ந்து செய்த அந்தப் பழைய மலரையும் திறந்தேன், பாமினி எழுத்துருவின் காலத்தது. 'தமிழ்' என்ற சொல் இருந்த இடத்தில் ஆங்கில ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி. பாமினியில் தமிழ் இருந்தது எழுத்துருவில் மட்டும்தான், உள்ளே கோப்பில் இருந்தது ஆங்கிலக் குறிகள். எழுத்துருவை நகலெடுத்துப் போட்டதும் நம் பக்கங்கள் மறுபடி உயிர்பெற்றன. ஆனால் இதை இப்படியே விடக் கூடாது. மாதம் ஒரு கோப்பாக யூனிகோடுக்கு மாற்றி வைக்க ஆரம்பித்திருக்கிறேன்.

நல்லதும் நிறைய. பேனா டேப்லெட்டைச் செருகினேன், எதையும் நிறுவாமலே அழுத்தம் உட்பட வேலை செய்தது. 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0-இல், போட்ட ஃபில்டரைப் பிறகு திரும்பப் போய் மாற்ற முடிகிறது. அது இல்லாமல் என்னால் முழுதாக மாறியிருக்க முடியாது. கோப்புப் பெயர்களில் மட்டும் கவனம் வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இங்கே வேறு வேறு. ஒரு லேஅவுட்டில் பாதிப் படங்கள் காணாமல் போனதற்கு அவ்வளவுதான் காரணம்.

எல்லாம் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர்கள் அனுப்பும் சிக்கலான பிஎஸ்டி என்ற போட்டோஷாப் கோப்புகள் சில சரியாகத் திறப்பதில்லை. அதற்காகப் பழைய இயங்குதளத்தை ஒரு தனி வட்டில், இணையத்தோடு சேர்க்காமல், வைத்திருக்கிறேன். சென்ற மாதம் இரண்டு முறை அதைத் திறந்தேன்.

நானும் மாறலாமா என்று கேட்டாய். ஒரு வேலை நடுவில் இருக்கும்போது வேண்டவே வேண்டாம். அப்புறம், உன் மணிக்கட்டை நினைத்து ஒன்று சொல்கிறேன். மேக்கில் கமாண்ட் விசை கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே கன்ட்ரோல் விசை மூலையில். சுண்டுவிரலை நீட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும் மணிக்கட்டு திரும்பும். விசைப்பலகை அமைப்பில் கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் இடம் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. வந்தால் முதல் நாளே அதைச் செய்துகொண்டுதான் உட்கார வேண்டும். வலி முழுதாகத் தீரும்வரை பொறுத்திருந்தால் இன்னும் நல்லது. நீ இடது கையில் வரைய ஆரம்பித்திருப்பதே இப்போதைக்குப் பெரிய மாற்றம். அந்தக் கோடுகள் நடுங்கினாலும் தூக்கிப் போடாதே, எனக்கு அனுப்பு.

இதோடு அந்த அட்டையின் திருத்திய பிடிஎஃபையும் ஸ்கிரைபஸ் கோப்பையும் அனுப்புகிறேன். உன் கணினியில் திறந்து இரண்டு விஷயம் பார்த்துச் சொல். தலைப்பு ஒரே வரியில் நிற்கிறதா, உடைகிறதா? உன் திரையில் அந்தச் சிவப்பு செம்பருத்தியா, செங்கல்லா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் எழுது.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து நாற்காலிக்காரன்