தூசு எங்கே போகிறது என்று பார்த்து வாங்கு

அன்புள்ள கண்ணம்மா,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முட்டி வலி இப்போது தேவலை. ஸ்ரீரங்கத்தில் வெயில் இன்னும் இறங்கவில்லை. மாப்பிள்ளையின் டூர் எல்லாம் முடிந்ததா?

நீ அனுப்பிய மூன்று வாக்யூம் கிளீனர் படங்களையும் அப்பாவும் நானும் பார்த்தோம். ஒன்று ரோபோ. ஒன்று ஒயர் இல்லாமல் கையில் பிடித்து ஓட்டுகிற ஸ்டிக். இன்னொன்று தண்ணீரையும் உறிஞ்சுகிற, சக்கரம் வைத்த பெரிய டிரம். மூன்றுக்கும் கீழே எத்தனை வாட், எத்தனை பாஸ்கல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. உள்ளே இழுத்த தூசை மெஷின் என்ன செய்கிறது என்று ஒன்றிலும் சரியாக இல்லை. சின்னவனுக்கு வீசிங் வந்து, டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்த பிறகு நீ இதை வாங்கப் போகிறாய். அதனால் எனக்கு அந்த ஒரு கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. போனில் பேசினால் பாதியில் உனக்கு ஆபீஸ் கால் வந்துவிடும். எழுதிவிடுகிறேன், ஆற அமரப் படி.

நீ இருக்கிற டெல்லியில் தூசு இரண்டு விதம். நாம் அங்கே ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்தபோது மே, ஜூனில் ஆந்தி என்கிற புழுதிப் புயல் அடிக்குமே, ஞாபகம் இருக்கும். ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு உட்கார்ந்தாலும் சாப்பாட்டுத் தட்டில் மணல் நறநறக்கும். அது ராஜஸ்தான் பக்கத்திலிருந்து வருகிற கனமான தூசு. கண்ணுக்குத் தெரியும், துடைப்பத்துக்கும் அடங்கும். அக்டோபர் கடைசியில் ஆரம்பிப்பது வேறு ஜாதி. வயலில் அறுவடைக்குப் பிறகு நிற்கிற பயிர்த் தாளை எரிக்கிற புகை, வண்டிப் புகை, கட்டட வேலைத் தூள் எல்லாம் கலந்து வருவது. பி.எம். 2.5 என்று தினமும் செய்தியில் சொல்கிறார்களே, அது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழேயும் உள்ள துகள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான். அவ்வளவு பொடிசான சமாசாரம் தரையிலும் சோபாவிலும் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையிலும் படிந்து கிடக்கும்போது, பூந்துடைப்பத்தை வீசினால் எழும்பிக் காற்றில் வெகு நேரம் நிற்கும். தவழ்கிற குழந்தையும் தரையில் உட்கார்ந்து கார் ஓட்டி விளையாடுகிற குழந்தையும் அந்த உயரத்தில்தான் மூச்சு விடுகின்றன.

துடைப்பத்தை விட்டு மெஷினுக்கு மாறுவது நல்லதுதான். ஆனால் சாதாரண ஃபில்டர் போட்ட மெஷின் பெரிய தூசைப் பிடித்து வைத்துக்கொண்டு, நுண்ணிய தூசைப் பின்பக்கமாக ஊதி வெளியே தள்ளிவிடும். உன் கண்ணுக்குத் தரை பளிச்சென்று இருக்கும். குழந்தைக்கு இருமல் கூடும்.

இந்த மெஷினின் கதையே மூச்சுத் திணறலில்தான் தொடங்குகிறது. 1907-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கான்டன் என்ற ஊரில், ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்க்ளர் என்பவர் ஒரு பெரிய கடையில் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தார். அவருக்கு ஆஸ்துமா. கம்பளம் பெருக்குகிற கருவி கிளப்பும் தூசுதான் தன் இருமலுக்குக் காரணம் என்று அவருக்குச் சந்தேகம். ஒரு மின்விசிறி மோட்டார், ஒரு துடைப்பக் கம்பு, தூசைப் பிடிக்க ஒரு தலையணை உறை, இவற்றைச் சேர்த்துத் தானே ஒரு மெஷின் செய்துகொண்டார். 1908-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு அதை விலைக்கு வாங்கி உலகமெல்லாம் விற்றவர்கள்தான் ஹூவர் குடும்பத்தார். அதற்கு முன்பே, 1901-இல், லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் ஒரு மெஷின் செய்திருந்தார். அது குதிரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிற அளவுக்குப் பெரியது. வீட்டுக்குள் ஒரு ஆள் தள்ளுகிற மாதிரி வந்ததற்கு அந்த ஆஸ்துமாக்காரரும் அவருடைய தலையணை உறையும் முக்கியக் காரணம். நீயும் அந்த உறையிலிருந்தே யோசிக்க ஆரம்பி.

நுண்ணிய தூசையும் பிடித்து வைக்கிற ஹெப்பா ஃபில்டர் என்று கேட்டு வாங்கு. அதிலும் எச்13 என்ற தரம் இருந்தால், பிடிப்பதற்கே மிகக் கஷ்டமான அளவுள்ள துகள்களில்கூட 99.95 சதவீதத்தை நிறுத்திவிடும். அட்டைப்பெட்டியில் 'ஹெப்பா டைப்', 'ஹெப்பா போன்றது' என்று எழுதியிருந்தால் அதை நம்பாதே. அந்த வார்த்தைக்குப் பின்னால் எந்தத் தரக் கணக்கும் இல்லை. ஃபில்டர் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. மூடி, இணைப்பு எல்லாம் இறுக்கமாக மூட வேண்டும். இல்லாவிட்டால் காற்று ஃபில்டர் பக்கமே போகாமல் இடுக்கு வழியே வந்துவிடும். கடையில் மெஷினை ஓடவிட்டு, மூடி சேருகிற இடத்தைச் சுற்றி உள்ளங்கையை மெதுவாகக் கொண்டுபோய்ப் பார். காற்று வெளியே வர வேண்டிய ஜன்னலைத் தவிர வேறு எங்கேயும் கையில் காற்றுப் படக் கூடாது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

அடுத்து, உள்ளே தூசு சேருவதற்குப் பை வைத்ததா, பை இல்லாததா? இப்போது எல்லோரும் பை இல்லாததையே தள்ளுகிறார்கள். கண்ணாடி டப்பாவில் தூசு சுழலுவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பை வாங்கும் செலவும் மிச்சம். ஆனால் அந்த டப்பாவைத் திறந்து குப்பைத் தொட்டியில் தட்டுகிற நிமிடத்தை நினைத்துப் பார். அத்தனை நாள் சேர்ந்த தூசு மேகமாகக் கிளம்பி, தட்டுகிறவர் முகத்தில்தான் அடிக்கும். பை என்றால் அதன் வாயை மூடி அப்படியே எறியலாம். ஆஸ்துமா உள்ள வீட்டுக்குப் பை வைத்த மெஷின்தான் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். பை தீர்ந்தால் டெல்லியிலேயே கிடைக்குமா, ஒன்று என்ன விலை என்பதை மெஷின் விலையைக் கேட்பதற்கு முன்பே கேள்.

டப்பாவைத் தட்டப் போவது யார் என்றும் யோசி. நீ ஆபீசில் இருப்பாய். உன் வீட்டு ஜாடு போச்சா, அதாவது பெருக்குவது துடைப்பது எல்லாம், வேலைக்கு வருகிற அந்த அம்மாதான் செய்கிறார். தமிழ் ஆட்கள் குடியிருந்த ஜங்புரா மதராசி கேம்ப் குடிசைப் பகுதியை 2025-இல் இடித்த பிறகு நரேலாவுக்குக் குடிபோய், அவ்வளவு தூரத்திலிருந்து பஸ் மாறி மாறி உன் வீட்டுக்கு வருகிறார் என்று சொன்னாய். நம்ம ஊர் மனுஷி. நாலைந்து வீட்டுத் தூசு தினமும் அவர் நெஞ்சுக்குள் போகிறது. சின்னவனுக்கு ஆகாத தூசு அவருக்கும் ஆகாது. அவரைக் கூப்பிட்டு, மெஷினைத் தூக்கிப் பார்க்கச் சொல்லி, அவருக்கு ஒத்துவருகிற எடையில் வாங்கு. ஓட்டுவதற்கு நிதானமாகச் சொல்லிக் கொடு. மெஷின் வந்துவிட்டதே என்று அவர் சம்பளத்தில் கை வைக்காதே.

வாட் விஷயம். வாட் என்பது மெஷின் எவ்வளவு கரண்ட் சாப்பிடுகிறது என்ற கணக்குதான், எவ்வளவு சுத்தம் செய்யும் என்ற கணக்கு அதில் கிடையாது. ஐரோப்பாவில் 2014-இல் 1600 வாட்டுக்கு மேற்பட்ட மெஷின்களை விற்கக் கூடாது என்றார்கள். 2017-இல் அதையும் 900 வாட்டாகக் குறைத்தார்கள். அங்கே வீடுகள் அழுக்காகிவிடவில்லை. மோட்டாரையும் வாய்ப்பகுதியையும் நன்றாகச் செய்தால் போதும் என்று ஆனது. பாஸ்கல் என்பது குழாய் வாயை அடைத்து வைத்து அளக்கிற இழுவை. ஸ்ட்ராவை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சினால் இழுப்பு பலமாகத் தெரியும், ஜூஸ் ஒரு சொட்டும் வராது. தூசை அள்ளிக்கொண்டு போக இழுவையோடு காற்றோட்டமும் வேண்டும். அதனால் அந்த எண்ணை மட்டும் வைத்து ஒன்றோடு ஒன்றை ஒப்பிடாதே.

உன்னுடையது பழைய வீடு என்பதால் இன்னொன்று. 1600 வாட் மெஷின் நம் 230 வோல்ட்டில் சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். சின்ன பிளக் பாயிண்ட் 5 அல்லது 6 ஆம்பியருக்குத்தான் போட்டிருப்பார்கள். கீசர், ஏ.சி.க்குப் போடுகிற பெரிய பாயிண்ட் ஹாலிலும் படுக்கையறையிலும் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் 1000 வாட்டுக்குள் வாங்கு, அதுவே உன் வீட்டுக்குத் தாராளம். மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இதைச் செருகவே செருகாதே.

ரோபோ உனக்கு இப்போது வேண்டாம். உன் வீட்டில் அறைக்கு அறை வாசற்படி உயர்ந்திருக்கிறது. 2 சென்டிமீட்டரைத் தாண்டினாலே பெரும்பாலான ரோபோக்கள் திணறும். தரையெல்லாம் சின்னவனின் பொம்மைகள். பூஜை அலமாரி முன்னால் நீ போடுகிற கோலத்தையும் அது விட்டுவைக்காது. சமதளமாக டைல்ஸ் போட்ட புது ஃபிளாட்டில், ஆள் இல்லாத நேரத்தில் ஓடவிடுகிறவர்களுக்கு அது நல்ல பொருள்தான்.

ஸ்டிக் கைக்கு எளிது, ஒத்துக்கொள்கிறேன். அட்டையில் 40 நிமிடம், 60 நிமிடம் என்று போட்டிருப்பது குறைந்த வேகத்துக்கு. முழு வேகத்தில் வைத்தால் பல மெஷின்கள் 10, 15 நிமிடத்தில் நின்றுவிடும். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. டெல்லி ஜூன் வெயிலில் பால்கனியில் சார்ஜ் போட்டால் அதன் ஆயுள் குறையும். சில வருஷத்தில் பேட்டரி மாற்றியே ஆக வேண்டும். தினசரி மேலோட்டமாக எடுக்க இரண்டாவது மெஷினாகப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம்.

தண்ணீர் உறிஞ்சுகிற டிரம் உனக்கு எதற்கு? கூலர் தண்ணீர் சிந்தினால் துணி போட்டுத் துடைத்துவிடலாம். அதன் சத்தத்தில் குழந்தை மிரண்டுவிடும்.

ஆக, நீ அனுப்பாத நாலாவது வகையைப் பார்க்கச் சொல்கிறேன். தரையில் இழுத்துக்கொண்டு போகிற, நீளக் குழாய் வைத்த, பை உள்ள சின்ன கேனிஸ்டர். ஒயர் 6 மீட்டராவது இருக்கட்டும். கூட வருகிற வாய்களைப் பார்: உன் வீட்டுச் சிப்ஸ் பதித்த மொசைக் தரைக்கு மென்மையான தூரிகை வைத்த வாய், சோபாவுக்கும் மெத்தைக்கும் அகலமான சின்ன வாய், ஸ்லைடிங் ஜன்னல் பள்ளத்துக்குக் குறுகலான மூக்கு. ஆந்திக்குப் பிறகு அந்த ஜன்னல் பள்ளத்தில்தான் பாதி ராஜஸ்தான் உட்கார்ந்திருக்கும். பானிபட் கம்பளம் விரித்திருக்கிறாயே, அதற்கு உருளைத் தூரிகை நல்லது. ஆனால் உன் நீள முடி அதில் சுற்றிக்கொள்ளும், கத்தரிக்கோலால் அவ்வப்போது வெட்டி எடுக்க வேண்டும்.

மெத்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யுரேகா ஃபோர்ப்ஸ் 1982-இல் ஆரம்பித்த கம்பெனி. அவர்கள் ஆட்கள் வீடு வீடாக வந்து வாக்யூம் கிளீனரை நம் ஊர்களுக்குப் பழக்கினார்கள். அதைப் பார்த்து எல்லோரும் டெமோ காட்டக் கற்றுக்கொண்டார்கள். உன் வீட்டுக்கும் யாராவது வந்து, மெத்தையில் மெஷினை ஓட்டி, வெள்ளைத் துணியில் படிந்த தூளைக் காட்டுவார்கள். பயந்துவிடாதே. எந்த மெத்தையில் எந்த மெஷினை ஓட்டினாலும் அந்தத் தூள் வரும். மெத்தையில் இருக்கிற தூசுப் பூச்சிகள் நூலை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும், உறிஞ்சினாலும் பெரும்பாலும் வராது. அவற்றின் கழிவைத்தான் மெஷின் எடுக்கும். ஒவ்வாமைக்குக் காரணம் அந்தக் கழிவுதான் என்பதால் அதுவும் பிரயோஜனமே. பூச்சி சாக வேண்டுமானால் படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கப் போடு. ரஜாய்க்குக் கழற்றித் துவைக்கிற உறை தைத்துக்கொள்.

மெஷினை ஓட்டும்போதும், முடிந்து அரை மணி நேரத்துக்கும் சின்னவன் அந்த அறையில் இருக்க வேண்டாம். எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் கொஞ்சம் தூசு கிளம்பத்தான் செய்யும். முதலில் ஃபேன் இறக்கை, அலமாரி மேல்தட்டு, அப்புறம் சோபா, கடைசியில் தரை. பிறகு ஈரத் துணியால் போச்சா. கோலமாவு, விபூதி இரண்டையும் மெஷினில் இழுக்காதே. அந்த நைசான பொடி ஃபில்டரை அடைத்துவிடும். ஊதுபத்திச் சாம்பலில் கங்கு இருந்தால் பையே பற்றிக்கொள்ளும், அதையும் கையால் எடுத்துவிடு. கழுவக்கூடிய ஃபில்டர் என்றால் கழுவியபின் ஒரு முழு நாள் காயட்டும். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை வாடை வீடெல்லாம் சுற்றும், அதுவும் குழந்தைக்கு ஆகாது.

மெஷின் வந்துவிட்டதென்று இன்ஹேலரை நீயாக நிறுத்திவிடாதே, டாக்டர் சொல்கிறபடி நடக்கட்டும்.

லாஜ்பத் நகர் பக்கம் கடைக்கு நேரில் போய்ப் பார்த்து வாங்கு, சர்வீஸ் சென்டர் எங்கே என்று எழுதி வாங்கிக்கொள். தீபாவளி தள்ளுபடிக்காகக் காத்திருக்க வேண்டாம், அதற்குள் புகை வந்துவிடும். பணத்தில் குறைந்தால் அப்பா அனுப்புகிறார், மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு. வாங்கியதும் என்ன மாடல், பை என்ன விலை என்று எனக்கு எழுது. ஃபரிதாபாத்தில் உன் சித்தியும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அம்மா